நான்காம் வீட்டு மீட்டர்

ஜீரோ வாட் பல்புக்குக் கரண்ட் ஆகாது என்று அரியலூரில் நாங்கள் குடியிருந்த வரிசையில் எல்லோரும் நம்பினார்கள். பெயரிலேயே ஜீரோ இருக்கிறது, பிறகென்ன. பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று கடையில் சரமாகத் தொங்கும் அந்தச் சின்ன பல்பை வாங்கி மாட்டிவிட்டால் இரவு பகல் பார்க்காமல் எரியும். போய் மீட்டரைப் பார்த்தால் சக்கரம் அசையாமல் நிற்கும். அதனால் அந்த நம்பிக்கைக்குக் கண்ணால் பார்த்த சாட்சியும் இருந்தது. நானும் நம்பினேன். பத்தாவது வரை படித்துவிட்டு வயரிங் வேலைக்குப் போனவன், பிறகு ஊர் ஊராக மீட்டர் மாட்டினவன். எனக்கே அது தவறு என்று தெரிய 2005 வரை ஆனது. தெரிந்த பிறகு, கட்டாயம் சொல்ல வேண்டிய ஒரு நாளில், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டபோதும் நான் சொல்லவில்லை.

ரயிலடிக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் அந்த வீடு. முன்னால் வீட்டுக்காரர் இருந்தார், மாடி வைத்த வீடு. பக்கவாட்டில் ஓர் ஆள் நடக்கிற அகலத்தில் சந்து. சந்து முடியும் இடத்தில், பின்பக்கம், வரிசையாக நான்கு வீடுகள். ஒவ்வொன்றும் ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. சிமெண்ட் லாரிகள் போகும் சாலை பக்கத்தில் இருந்ததால் கொடியில் காயும் வெள்ளைச் சட்டை சாயங்காலத்துக்குள் பழுப்பாகிவிடும். நாங்கள் இரண்டாவது வீடு. 1998இல், கல்யாணமான கையோடு குடிவந்தோம்.

மொத்தத்துக்கும் ஒரே கரண்ட் இணைப்புதான். கரண்ட் ஆபீஸ் வைத்த மெயின் மீட்டர் வீட்டுக்காரரின் முன்வாசலில் இருக்கும். பின்னால் இருக்கும் நான்கு வீட்டுக்கும் தனித்தனியாகச் சப் மீட்டர். மெயின் மீட்டர் காட்டும் யூனிட்டில் நான்கு சப் மீட்டரையும் கழித்தால் மிச்சம் வீட்டுக்காரருடைய செலவு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர் டார்ச் லைட்டும் நாற்பது பக்க நோட்டுமாகச் சந்து வழியே வருவார். நான்கு வீட்டு ஆட்களும் அவரவர் வாசலில் நிற்க வேண்டும். அவர் டார்ச் அடிப்பார். நாம் நம் மீட்டரின் எண்ணைச் சத்தமாகப் படிக்க வேண்டும். நாமே வாயால் படித்துவிட்டால் பிறகு தகராறு வராது என்பது அவர் செய்த ஏற்பாடு.

எனக்கு அந்த ஞாயிறுகள் ஆகாது. நாலு பேர் கேட்க ஓர் எண்ணைப் படிக்கக்கூட எனக்கு வராது. என் மனைவிதான் படிப்பாள்.

“ஏம்மா, ஊருக்கெல்லாம் கரண்ட் இழுக்குறாரு உம் புருசன், ஒரு நம்பர் படிக்க மாட்டாரா?” என்பார் வீட்டுக்காரர்.

“அவுரு பேசுனா அதுக்கும் மீட்டர் ஓடும்னு பயப்படுறாருங்க” என்பாள் இவள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

அந்த நான்கு சப் மீட்டர்களை வாங்கிவந்து மாட்டியது நான்தான். அதற்கு முன்னால் வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வீட்டில் கிரைண்டர் வந்ததும் மற்றவர்கள் முணுமுணுக்க, வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டு, குறைந்த விலையில் பழைய மீட்டர் கிடைத்தால் பார் என்றார். திருச்சியில் பழைய சாமான் கடை ஒன்றில் நான்கு சக்கர மீட்டர்கள் கிடைத்தன. கொண்டுவந்து ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். மூன்று பரவாயில்லை. நான்காவது, ஃபேன் போட்டால் ஓடியது, நிறுத்திவிட்டுச் சின்ன விளக்கு மட்டும் போட்டால் நின்றுவிட்டது. கண்ணாடி மேல் விரலால் ஒரு தட்டு தட்டினேன். சக்கரம் ஒரு குலுங்கு குலுங்கி மறுபடி ஓடியது. அச்சு தேய்ந்த மீட்டர். திருப்பிக் கொடுக்க மறுபடி திருச்சி போக வேண்டும். நான்காவது வீடு அப்போது காலியாக இருந்ததால் அதை அங்கே மாட்டிவிட்டேன்.

“நாலும் நல்ல மீட்டர்தானப்பா?”

“நல்லா ஓடுதுங்க.”

அவருக்கு அதில் என் மேல் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. 2004இல் ஊரெல்லாம் பழைய மீட்டரைக் கழற்றிப் புது டிஜிட்டல் மீட்டர் மாட்டும் வேலை தொடங்கியபோது, எங்கள் பக்கத்து ஒப்பந்தத்தை எடுத்தவர் வீட்டுக்காரருக்கு மச்சினர் முறை. ஒரு வார்த்தை சொல்லி என்னை அதில் சேர்த்துவிட்டார். அதுவரை வாரத்தில் மூன்று நாள் வேலை இருந்தால் அதிகம் என்று இருந்தவனுக்கு அது பெரிய விஷயம்.

நான்காவது வீட்டுக்கு அதற்கு முந்தைய வருஷம்தான் ஆள் வந்திருந்தது. ஓர் அக்காவும் அவர் மகளும். சொந்த ஊர் கீழப்பழுவூருக்குப் பக்கம். புருஷன் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மெஸ்ஸில் சமையலுக்குப் போனார். அரியலூரில் எட்டு வீடு ஏறி இறங்கியதாக என் மனைவியிடம் சொன்னாராம். வாடகை பேசி முடித்து, தண்ணீர் வசதி பேசி முடித்து, கடைசியில் “எந்த ஊரு, ஊர்ல எந்தத் தெரு?” என்று கேட்பார்களாம். தெருவைச் சொன்னதும், “எங்க தம்பி மெட்ராஸ்லேருந்து வரேன்னு சொல்லிருக்கான், யோசிச்சு சொல்றோம்” என்பார்களாம். எங்கள் வரிசையின் நான்காவது வீட்டுக்கு ஜன்னல் கிடையாது. மூன்று பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர். வந்தவர்களெல்லாம் இரண்டு மாதத்தில் ஓடிவிட்டதால் வீட்டுக்காரர் அந்த அக்காவிடம் தெருவைக் கேட்கவில்லை.

ஜன்னல் இல்லாததால் அங்கே பச்சை ஜீரோ வாட் பல்பு ஒன்று நாள் முழுக்க எரிந்தது. மகள் படிக்கும்போது மட்டும் டியூப்லைட். அந்தப் பெண் படிப்பில் கெட்டி. பத்தாவது முடித்ததும் நர்ஸிங் பக்கம் அனுப்பிவிட வேண்டும் என்று அக்கா சொல்லிக்கொண்டே இருப்பார். பள்ளிக்கூடம் அங்கிருந்து நடக்கிற தூரம். அந்த இருட்டு வீட்டில் அவர்கள் இருந்ததே அதற்காகத்தான்.

இனி மீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். 2005 நடுவில், மீட்டர் மாட்டும் ஆட்களுக்கெல்லாம் பெரம்பலூரில் ஒருநாள் வகுப்பு எடுத்தார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் நாற்பது பேர் உட்கார்ந்தோம். மீட்டர் கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினியருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். ஒரு புது மீட்டரின் மூடியைத் திறந்து உள்ளே காட்டினார். சக்கரம் இல்லை, காந்தம் இல்லை. பச்சை அட்டையின் நடுவில், நிறைய கால் முளைத்த மூட்டைப்பூச்சி மாதிரி கறுப்பாக ஒரு ஐசி.

“இதுக்குப் பேரு மைக்ரோ கண்ட்ரோலர். குட்டி கம்ப்யூட்டர்னு வெச்சுக்குங்க. கம்பியில ஓடுற கரண்ட அளந்து நம்பரா மாத்துற வேலையும் இதுக்குள்ளயே நடக்குது. இது தனக்குன்னு எடுத்துக்கறது ரொம்பக் கொஞ்சம். லைன்ல கரண்ட் போனாக்கூட ஒரு பொட்டு பேட்டரியில வருஷக்கணக்கா முழிச்சிட்டிருக்கும். ஆனா இதோட கண்ணுக்கு எதுவும் தப்பாது.”

பின்வரிசையில் செந்துறைப் பக்கத்து ஆள் ஒருவர், “அப்ப எங்க மாமியா மாதிரின்னு சொல்லுங்க சார். தான் ஒண்ணும் திங்காது, அடுத்தவன் தின்னத மட்டும் எண்ணிக்கிட்டே இருக்கும்” என்றார். மண்டபமே சிரித்தது. இன்ஜினியரும் சிரித்துவிட்டு, “அதேதான்” என்றார்.

பிறகு ஒரு பலகையில் பழைய சக்கர மீட்டரையும் புதியதையும் அடுத்தடுத்து இணைத்து, ஒரே ஒரு ஜீரோ வாட் பல்பைப் போட்டார். சக்கரம் அசையவில்லை. “புதுசுல அந்தச் சிவப்புப் புள்ளியப் பாருங்க” என்றார். பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். புள்ளி ஒருமுறை மின்னி அணைந்தது. மறுபடி அதே அளவு நேரம் கழித்து ஒருமுறை.

“ஜீரோ வாட்டுன்னு சொல்றது சும்மா பேரு. இது பதினஞ்சு வாட். சக்கரத்த அசைக்க ஒரு தள்ளு வேணும், அந்தத் தள்ளு இந்த பல்புக்குப் பத்தாது. அதுவும் பழைய மீட்டர்னா சுத்தமா நின்னுடும். அதனால கரண்ட் போகலைன்னு அர்த்தமில்ல. எண்ணாம விட்டுடுச்சுன்னு அர்த்தம்.”

எனக்கு அப்போது எங்கள் வரிசை ஞாபகம் வந்தது. முன்னால் புது மீட்டரும் பின்னால் பழைய மீட்டருமாக இருந்தால் எண்ணாமல் விட்டது யார் கணக்கில் போய் விழும் என்று கேட்க நினைத்தேன். கையைத் தூக்க வேண்டும், நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். விட்டுவிட்டேன். தேங்காய் சாதம் கொடுத்தார்கள், சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அந்த வருஷம் முழுக்க எங்களுக்குத் திட்டுதான். பாடாலூரில் ஒரு டீக்கடைக்காரர், “பழசு மாட்டு வண்டி மாதிரி போச்சு, நீ மாட்டிட்டுப் போனது பாயின்ட் டு பாயின்ட் பஸ் மாதிரி எங்கயும் நிக்காம ஓடுது. ஒனக்கு எவ்ளோ கமிஷன்?” என்று கேட்டார். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரு முந்திரித் தோப்புக்காரர், “தம்பி, கொஞ்சம் சாய்ச்சு மாட்டிட்டுப் போயேன்” என்று காதோடு சொன்னார். சக்கர மீட்டரைச் சாய்த்து மாட்டினால் மெதுவாக ஓடும். “இதுல சக்கரம் இல்லீங்க, தலைகீழா மாட்டுனாலும் எண்ணும்” என்றேன். “அப்ப நேராவே மாட்டித் தொல” என்றார். யாரிடமும் ஜீரோ வாட் பல்பைப் பற்றி நான் சொன்னதில்லை. கேட்டால் சொல்லியிருப்பேனோ என்னவோ. பல்பு மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

எங்கள் தெருவுக்கு முறை வந்தபோது வீட்டுக்காரரின் மெயின் மீட்டரை மாற்றியதும் நான்தான். “நம்ம வூட்டுக்கு நல்லதாப் பாத்து மாட்டு, ஓடாததா” என்று சிரித்துக்கொண்டே மோர் கொடுத்தார். முப்பது வருஷத்து மீட்டர் அது. அதுவும் சோம்பேறி, பின்னால் இருந்த நான்கும் சோம்பேறி. அதனால் அதுவரை கழித்தல் கணக்கு ஒருவாறு ஒத்துப்போயிருந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது வீட்டுக்காரருக்கு விழுந்த மிச்சம் முன்பு இருந்ததைப்போல ஒன்றரை மடங்கு. நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த முறையும் அப்படியே. அது 2006, பொங்கல் முடிந்த ஞாயிறு. நான்கு வீட்டிலும் எண் படித்து முடிந்ததும் அவர் நோட்டை மூடவில்லை.

“எங்க வூட்ல இருக்கறது நானும் எம் பொஞ்சாதியும். ஒரு டிவி, ரெண்டு ஃபேனு. இவ்ளோ யூனிட்ட நாங்க ரெண்டு பேரும் தின்னுட்டமா?”

அவர் முன்னால் போய்த் தன் வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, மெயின் மீட்டர் முன்னால் நின்று எங்களைக் கூப்பிட்டார். சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது.

“எங்க வூடு இருட்டு. கரண்ட் போயிட்டிருக்கு. எங்க போகுது? வாங்க பாப்போம்.”

வரிசையாக வந்தார். முதல் வீடு பஸ் கண்டக்டருடையது, டிவி போட்டிருந்தது, சக்கரம் ஓடியது. எங்கள் வீட்டில் ஃபேன், ஓடியது. மூன்றாவது வீட்டிலும் ஓடியது. நான்காவது வீட்டில் பச்சை பல்பு மட்டும் எரிந்தது. சக்கரம் நின்றது. ஜீரோ வாட்டுக்கு ஓடாது என்பது அவருக்கும் தெரியும், அதனால் அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“டியூப்லைட்டப் போடும்மா.”

அக்கா போட்டார். அறை முழுக்க வெளிச்சமானது. தரையில் அந்தப் பெண் விரித்து வைத்திருந்த கணக்குப் புத்தகம் தெரிந்தது. வீட்டுக்காரர் மீட்டரில் டார்ச் அடித்தார். சக்கரத்தின் ஓரத்தில் கறுப்பு அடையாளம் ஒன்று இருக்கும், அது கண்ணாடிக்கு நேராக நின்றது. நாங்கள் ஏழெட்டுப் பேர் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நகரவில்லை.

“லைட்டு எரியுது, சக்கரம் நிக்கிது. எல்லாரும் பாத்துக்கங்க.”

“எனக்கு ஒண்ணும் புரியலைங்கய்யா” என்றார் அக்கா.

“புரியாது. ஒவ்வொரு தடவையும் ஒனக்குத்தான் எல்லாரையும்விடக் கம்மி யூனிட்டு. அப்பவே எனக்கு உறுத்துச்சு.”

கண்டக்டர், “உள்ளுக்குள்ள எங்கயாச்சும் கொக்கி போட்டுத் திருட்டு கரண்டு எடுத்துருப்பாங்க சார்” என்றார்.

“அண்ணே, கொக்கின்னா என்னான்னே எனக்குத் தெரியாதுண்ணே” என்று அக்கா அவர் பக்கம் திரும்பினார். அந்தப் பெண் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது, பத்தாவது படிக்கிற பெண்.

வீட்டுக்காரர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். “நீ கரண்ட் வேல பாக்குறவன். நீ மாட்டுன மீட்டரு. ஒண்ணே ஒண்ணு சொல்லு. மீட்டர்ல கோளாறா, இல்ல யாராச்சும் கை வெச்சிருக்காங்களா?”

மீட்டர் என் முகத்துக்கு நேராக, ஒரு கை தூரத்தில் இருந்தது. நான் பேசவே வேண்டியதில்லை. விரலை நீட்டி அந்தக் கண்ணாடியில் ஒரு தட்டு தட்டியிருந்தால் போதும். சக்கரம் எல்லோர் கண் முன்னாலும் குலுங்கி ஓடியிருக்கும். எனக்கு அது தெரியும். தட்டினால் அடுத்த கேள்வி என்னவென்றும் தெரியும். இப்படி ஒரு மீட்டரை நல்லதென்று எப்படி மாட்டினாய் என்பார். அது மச்சினர் காதுக்குப் போகும். இவ்வளவும் அந்த நேரத்தில் ஓடியது. கூடவே எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

“மீட்டர் நல்லாத்தாங்க இருக்கு” என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருப்பதுபோலப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“பத்து நாள்ல வூட்டக் காலி பண்ணிரு. போலீசு, அது இதுன்னு நான் போகல. பொம்பளப் புள்ள வெச்சிருக்க” என்றார் வீட்டுக்காரர்.

“ஐயா, பரீட்ச முடியுற வரைக்குமாச்சும் விடுங்கய்யா. ரெண்டே மாசம்.”

“ரெண்டு மாசத்துக்கும் நானா கரண்டு குடுக்கறது?”

உள்ளே வந்ததும் என் மனைவி கதவைச் சாத்தினாள். அந்த மீட்டரைத் தட்டி ஓட்டிய கதையை மாட்டின அன்றே அவளிடம் சொல்லியிருந்தேன், ஒரு சாமர்த்தியம்போல.

“வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?”

“நான் என்னா பண்றது?”

“தட்டுனா ஓடும்னு நீங்கதான சொன்னீங்க? தட்டித் தொலைச்சா என்னா?”

“வேல போயிரும்.”

“போனா போவுது. வயரிங் பாத்தப்ப நாம சோறு திங்கலையா?” என்றாள். “நான் போயி சொல்லவா?” என்றும் கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். அவள் எழுந்து கதவு வரை போய், திரும்பிவந்து உட்கார்ந்துவிட்டாள். அவளும் சொல்லவில்லை. அதற்குக் காரணமும் நான்தான்.

அந்தப் பத்து நாளில் அக்கா எத்தனை வீடு ஏறி இறங்கினார் என்று தெரியாது. முன்பாவது தெரு ஒன்றுதான் தடை. இப்போது தெருவோடு திருட்டும் சேர்ந்துகொண்டது. அரியலூர் சின்ன ஊர், கண்டக்டருக்கு பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பழக்கம். மெஸ்ஸிலும் சொல்லிவிட்டார்கள். அங்கே எதுவும் கேட்கவில்லையாம், ஆனால் ஸ்டோர் ரூம் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். பதினோராம் நாள் காலையில் ஒரு குட்டி யானை வண்டியில் சாமான் ஏறியது. அண்ணன் வீட்டுக்கு, ஊருக்கே போனார்கள். என் மனைவி பாத்திரம் தூக்கிக் கொடுத்தாள். எனக்கு அன்று ஜெயங்கொண்டம் பக்கம் வேலை இருந்தது. இல்லாவிட்டாலும் எங்கேயாவது போயிருப்பேன்.

பிப்ரவரியில் திருச்சிக்குப் போய் நான்கு புது டிஜிட்டல் சப் மீட்டர் வாங்கிவந்தேன். பழகின கடை, விலை குறைத்துக் கொடுத்தார்கள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். பாதிக்கு மேல் நான் போட்டது. இனி கழித்தல் சரியாக வரும், அக்கா மேல் தப்பில்லை என்று தானாகவே தெரிந்துவிடும், நான் வாயைத் திறக்க வேண்டியிருக்காது. அப்படித்தான் நினைத்தேன்.

கழித்தல் சரியாகத்தான் வந்தது. அடுத்து எண் படித்த ஞாயிறு வீட்டுக்காரர் நோட்டில் கணக்குப் போட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

“பாத்தீங்களா? அவ போனா, கணக்கு நேராயிருச்சு.”

“நான்தான் அன்னிக்கே சொன்னனே சார்” என்றார் கண்டக்டர். நான்காவது வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த புருஷனும் பெண்டாட்டியும், “யாருங்க அவங்க?” என்று கேட்டார்கள். கண்டக்டர் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். நான் அக்காவுக்காகச் செய்த ஒரே காரியம் அவர் மேல் சொன்ன பழிக்கு முத்திரை குத்திவிட்டது.

ஜூன் மாதம் கீழப்பழுவூர் பக்கம் வேலை. ஒரு மளிகைக் கடையில் மீட்டர் மாட்டிவிட்டு வெளியே வந்தபோது அக்கா பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. காட்டு வேலைக்குப் போய்விட்டு வருகிறார் என்று தெரிந்தது. பார்க்காததுபோல் போய்விடலாமா என்று நினைத்தேன். அவர் பார்த்துவிட்டார்.

“என்னா தம்பி, இந்தப் பக்கம்? வூட்ல நல்லாருக்கா?”

“நல்லாருக்காங்கக்கா. பாப்பா…”

“ரெண்டு பாடம் போயிருச்சு. கணக்கும் இங்கிலீசும். இங்கேருந்து பஸ்ல போயிட்டு வந்தா. டவுன் பஸ்ஸு என்னைக்கு நேரத்துக்கு வந்துச்சு? திரும்ப எழுதுன்னா மாட்டேங்குறா. ‘அந்த ஊருக்கு நான் போகல’ங்குறா.”

அப்போது சொன்னேன். மூச்சு வாங்கச் சொன்னேன். அந்த மீட்டர் பழசு என்பது, தட்டினால் ஓடும் என்பது, பச்சை பல்புக்குக் கரண்ட் உண்டு என்பது, பழைய சக்கரம் அதை எண்ணாது, புது மீட்டர் எண்ணிவிட்டது என்பது எல்லாம். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசியதில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“இத வூட்டுக்காரருகிட்ட சொன்னீங்களா?”

“இல்லக்கா.”

“அப்பறம் எங்கிட்ட வந்து எதுக்குச் சொல்றீங்க? நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியாதா?”

பஸ் வந்தது. அவர் ஏறிக்கொண்டார்.

அன்றைக்கே சாயங்காலம் வீட்டுக்காரரிடம் போனேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகட்டும், வீட்டைக் காலி பண்ணச் சொல்லட்டும் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவர் தொலியை ஊதித் தள்ளினார்.

“அப்ப அந்த மீட்டரு மொதல்லயே ஓட்டையா?”

“ஆமாங்க.”

“சரியான ஆளுய்யா நீ” என்றார். கோபம் இல்லை. சிரிப்புதான். “சரி, இப்பதான் புதுசு மாட்டிட்டியே, விடு.”

“அவங்க எடுக்கலைங்க.”

“எடுக்கலைன்னா நல்லதாப் போச்சு.”

“தெருவுல எல்லாரும் அவங்கள…”

“அதுக்கு? நான் தமுக்கு எடுத்துக்கிட்டுப் போயி அரியலூர் பூரா சொல்லணுமா?” குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். “அவ ஊர்ல எந்தத் தெருன்னு பொறவுதான் விசாரிச்சேன். தெரிஞ்சிருந்தா வெச்சே இருக்க மாட்டேன். கரண்டு இல்லைன்னா வேற ஒண்ணு. போனது போனதுதான்.”

நான் நின்றுகொண்டே இருந்தேன். என்னை அவர் வீட்டைவிட்டு அனுப்பவில்லை, மச்சினரிடமும் சொல்லவில்லை. நான் எதற்குப் பயந்து அன்று வாயை மூடினேனோ அதில் ஒன்றுகூட நடக்கவில்லை. அந்த வீட்டில் இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தோம்.

“நீ வந்ததும் நல்லதாப் போச்சு” என்றார். “மோட்டாரு காலையிலேருந்து எடுக்க மாட்டேங்குது. அந்த ஸ்டார்ட்டரக் கொஞ்சம் பாரேன்.”

வீட்டுக்குப் போய் டெஸ்டரையும் உப்புத்தாளையும் எடுத்துவந்தேன். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் பாயின்ட் கரிந்துபோயிருந்தது. தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டி, சுவிட்சை அழுத்தினேன். மோட்டார் எடுத்தது. அவர் மாடிக்குப் போய்த் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, “தண்ணி வருதுப்பா” என்று குரல் கொடுத்தார்.

“சரிங்க” என்றேன்.